கிண்டிக்கு மேலே நின்ற விமானம்

கங்காதரன் வீட்டுப் படுக்கையறையில் ஒரு விமானம் கிண்டிக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. போன மே மாதம் நின்றது, பொங்கல் கழிந்தும் அங்கேயே நின்றது. கம்ப்யூட்டர் திரையில்தான் நின்றது என்றாலும், வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதை நிஜ விமானத்துக்குக்கூடக் கிடைக்காது. அந்த மேஜையில் யாரும் தூசி தட்டக் கூடாது. கீபோர்டுப் பக்கம் துடைப்பம் போகக் கூடாது. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜில் இருக்கிற மாவு புளித்துப் பொங்கலாம், கம்ப்யூட்டர் மட்டும் அணையக் கூடாது. அதற்கென்றே தனியாக ஓர் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டிருந்தார்.

கங்காதரனுக்கு மயிலாப்பூர் லஸ் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. வாரத்தில் ஆறு நாள் கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விமானி. அவர் வயதுக்காரர்கள் ஷட்டில் ஆடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் பொழுதுபோக்குக்கு விமானம் ஓட்டும் உரிமம் வாங்கினார். கூடவே வாங்கியவர் அன்வர் பாஷா, தி. நகரில் சோபாத் துணியும் திரைச்சீலையும் விற்கிறவர். இருவரும் காலேஜ் காலத்துச் சிநேகிதர்கள். ஒருவர் செய்யும் பைத்தியக்காரத்தனத்தை இன்னொருவர் செய்யாமல் இருந்தால் தூக்கம் வராது.

கொரோனாவுக்கு முன்னால் அவர்கள் பறந்த லட்சணம் இதுதான். ஞாயிறு விடிவதற்குள் காரில் கிளம்பி, ஊரைத் தாண்டி வெகுதூரம் போய், கிளப்பின் பழைய இரட்டை இருக்கை விமானத்தை வாடகைக்கு எடுத்து, வயல்வெளிக்கு மேலே அரை மணி நேரம் சுற்றுவார்கள். இறங்கியதும் வழியில் பொங்கல் வடை. பிறகு அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அடுத்த ஞாயிறு வரைக்கும் பேச்சு. பறந்தது கொஞ்சம், அளந்தது அதிகம்.

ஊரடங்கு வந்தது, கிளப்புக்குப் பூட்டு விழுந்தது. வானத்தில் காக்காய்க்கு மட்டும் அனுமதி. கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த சூராதிசூர விமானிகள் எல்லாம் கேக் சுட்டுப் படம் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் ஏக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் ட்ரோன் விட்டார். அது போய் எதிர் மாடியில் காய்ந்த வடகத்தில் இறங்க, அந்த வீட்டு அம்மாளிடம் அடி வாங்காதது ஒன்றுதான் குறை.

கங்காதரன் கம்ப்யூட்டரில் ஓட்டும் விமானத்துக்கு மாறினார். ரத்னாவின் தையல் மெஷின் மேஜையில் பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைத் திருகிப் பொருத்தினார். வலது பக்கம் ஒரு ஸ்டூல், அதன்மேல் கீபோர்டு. நண்பரின் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த புரோகிராம் என்பதால் அதில் பாதி விஷயங்கள் வேலை செய்யாது. எங்கே நிறுத்தினோமோ அங்கிருந்து மறுபடி தொடரலாம் என்று ஒரு வசதி இருந்தது. அதைத் தொட்டால் திரை நீலமாகிவிடும், அதனால் நடுவில் அணைத்தால் ஆட்டம் அதோடு போச்சு. சென்னையும் அதில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மயிலாப்பூர் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் கட்டடம் நின்றது. தெப்பக்குளம் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. கங்காதரன் பயபக்தியோடு அந்த ஆபீஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கடற்கரைப் பக்கம் திரும்புவார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு மட்டும் பறந்த மனிதர் இப்போது தினமும் பறந்தார். லுங்கியோடு பறந்தார். கீபோர்டில் ஒரு பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினால் விமானம் அப்படியே வானத்தில் நின்றுவிடும். குக்கர் விசில் அடித்தால் இரண்டு தட்டு. கீரைக்காரி கூப்பிட்டால் இரண்டு தட்டு. திரையில் காற்று குலுக்கினாலும் இரண்டு தட்டு, ஒரு வாய் தண்ணீர், அப்புறம் மிச்சம். வங்கக் கடலுக்கு மேலே விமானத்தை நிறுத்திவிட்டு வெங்காயம் உரித்த விமானி உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

அன்வர் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. அவர் தி. நகர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு செல்போன் ஸ்பீக்கரில் கண்ட்ரோல் டவராக இருந்தார். டவர் சொல்லாமல் விமானம் இறங்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள சட்டம். இவர்கள் படுக்கையறையிலும் அதே சட்டம்தான். ஆனால் அன்வரின் டவர் பேசிய பாஷை உலகத்தில் வேறெந்த டவரும் பேசாதது.

"எறங்கு மாமே, ரன்வே காலியாத்தான் கீது. உன் மாமியாரா வந்து குறுக்க நிக்கப்போறாங்க?"

ஒவ்வொரு தடவையும் இதே வாசகம். கங்காதரனின் மாமியார் என்றால் ரத்னாவின் அம்மா. ரத்னா ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர், பக்கத்து அறையிலிருந்து ஆன்லைனில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அமிலமும் காரமும் நடத்தும்போது அவள் அம்மா ரன்வேயில் குறுக்கே நிற்கிற செய்தி பத்தாம் வகுப்பு முழுக்கக் கேட்டது. மறுநாள் ஒரு பெண் பவ்யமாக, "மிஸ், பாட்டி பத்திரமா இருக்காங்களா?" என்று விசாரித்தாள்.

"அந்த ஆளுக்கு வேற உதாரணமே கிடைக்கலியா?" என்று ரத்னா கத்தினாள்.

"பாரம்பரியம்மா அது," என்றார் கங்காதரன்.

அந்த மே மாதம் ஒரு சாயங்காலம் பாண்டிச்சேரியிலிருந்து கடலோரமாக வந்து, அடையாறு பக்கம் திரும்பி, கிண்டிக் காட்டுக்கு மேலே மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அன்வர் இருமினார்.

"மாமே, தொண்டை கரகரன்னு கீது. அப்டியே நிறுத்தி வையி. சூடா ஒரு டீ அடிச்சிட்டு வரேன். நான் சொல்லாம எறங்காதே, இன்னா?"

கங்காதரன் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினார். அன்றைக்கு அன்வர் திரும்ப லைனுக்கு வரவில்லை, டீ குடித்தாரா என்பதும் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கை தேடி அலைந்தார்கள், கிடைத்தது, பிரயோஜனமில்லை. அடக்கத்துக்கு நாலு பேர் போகலாம் என்றார்கள். கங்காதரன் அந்த நாலு பேரில் இல்லை. காலேஜிலிருந்து தோள்மேல் கை போட்டுச் சுற்றிய மனிதனை அவர் கடைசியாகப் பார்த்தது யாரோ ஆடி ஆடி எடுத்த ஒரு செல்போன் வீடியோவில். அதை இன்றுவரை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் விமானம் கிண்டிக்கு மேலேயே நின்றது. இறங்கிவிட்டால் அன்வரின் கடைசி ஆட்டம் முடிந்துவிடும். முடிக்க அவருக்கு மனசில்லை. கிளப் திறந்து, மற்றவர்கள் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு பறக்கப் போனபோதும் இவர் போகவில்லை. கேட்டவர்களிடம் முதுகு வலி என்றார். பொய். முதுகு கல்லாட்டம் இருந்தது.

கடைசியில் இந்த விவகாரத்தைத் தீர்த்து வைத்தது இன்வெர்ட்டர் பேட்டரி. தை மாதம் முடிவதற்குள் அது வயிறு வீங்கி நாற ஆரம்பித்தது. பார்க்க வந்த மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "சார், இத்த திங்கக்கிழமை கழட்டியே ஆவணும். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. இந்த ரூம் லைனே மாத்தணும். விட்டா வெடிக்கும்."

"கம்ப்யூட்டர் மட்டும்..."

"கம்ப்யூட்டரும் சேந்துதான் சார் வெடிக்கும்."

ரத்னா வாசல்வரை போய் அவனை அனுப்பிவிட்டு வந்தாள். "நடுவானத்துல அணைக்கப் போறீங்களா, இறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். கங்காதரன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அத்தனை மாதம் அதைத் தொடவில்லை. இறக்கப் போய் எங்கேயாவது சொருகிவிட்டால்? அன்வரின் கடைசி விமானம் கத்திப்பாரா பாலத்தில் போய் இடித்தால்? செத்தவன் மேலே இருந்து பார்த்துச் சிரிக்க மாட்டானா? சிரிப்பான். அதுதான் தாங்காது.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எல்லோரும் நிஜ விமானம் ஓட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் பழகுவார்கள். கங்காதரன் கம்ப்யூட்டரில் இறக்குவதற்காக நிஜ விமானத்தில் பழகிவிட்டு வரத் தீர்மானித்தார். ரத்னா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முதுகு வலி?" என்றாள். "போயிடுச்சு," என்றார்.

ஞாயிறு காலை ரத்னாவும் கூட வந்து கிளப் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள். பயிற்சியாளர் கேப்டன் ஏசுராஜ், சாந்தோம் குப்பத்துப் பையன். அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் வியாபாரம், பிள்ளைக்கு ஆகாயம். கொரோனாவுக்கு அப்புறம் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை விமானிகளைப் பார்த்துப் பார்த்து ஆள் நொந்துபோயிருந்தார்.

"ரூம்ல ஓட்டிக்கினு இருந்தீங்களா சார்?"

"கொஞ்சம்."

"அதான பார்த்தேன். நேத்து வந்தவரு, இஞ்சின் சத்தம் ஜாஸ்தியா கீது, வால்யூம் எங்கன்னு கேட்டாரு. நீங்க இன்னா கேக்கப் போறீங்களோ."

கங்காதரன் விறைப்பாக ஏறி உட்கார்ந்து, இஞ்சினை முடுக்கி, வேகம் கூட்டினார். விமானம் உறுமியது, நகரவில்லை. இன்னும் கூட்டினார். தவம் செய்வதுபோல நின்றது.

"சார், கீழ சக்கரத்துக்கு மரக்கட்டை வச்சிருக்கு," என்றார் ஏசுராஜ். "உங்க ரூம்ல அத்த யாரு எடுப்பா? மேடமா?"

ரூமில் கட்டையே கிடையாது. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி எடுத்தார். கொட்டகையில் ரத்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது அங்கிருந்தே தெரிந்தது.

மேலே போனதும் பழைய சந்தோஷம் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது. பெட்ரோல் வாடை, காதடைப்பு, கீழே பச்சை. இறங்கும்போதுதான் வினை. ரன்வேயை நெருங்கையில் காற்று பக்கவாட்டில் ஓர் அறை அறைந்தது. இறக்கை சாய்ந்தது. கங்காதரனின் வலது கை, அது பிடித்திருக்க வேண்டிய, வேகம் கூட்டிக் குறைக்கிற கம்பியை விட்டுவிட்டு, பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

தட்டியது ஏசுராஜின் முட்டியில்.

விமானம் நிற்கவில்லை. கங்காதரன் பதறிப்போய் இன்னும் பலமாக இரண்டு தட்டினார்.

"சார்! என் முட்டில இன்னா சார் தேடுறீங்க?"

"நிக்க மாட்டேங்குது!"

"ஆகாசத்துல எப்டி சார் நிக்கும்? ஏத்துங்க, ஏத்துங்க, மேல ஏத்துங்க!"

ஏற்றினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை மாதமாக அவர் பறக்கவில்லை, நிறுத்திக்கொண்டிருந்தார். பிடிக்காதது எது வந்தாலும் இரண்டு தட்டு, அவ்வளவுதான். நிஜமாகவே பயந்துபோய், திரும்ப வட்டமடித்தார். இரண்டாவது தடவையும் அதே காற்று அதே இடத்தில் காத்திருந்து அறைந்தது. ஏசுராஜ் முன்ஜாக்கிரதையாக இரண்டு கைகளாலும் தன் முட்டியை மூடிக்கொண்டார்.

கங்காதரனின் கை கம்பியை விட்டு அசையவில்லை. விமானம் ஆடிக்கொண்டே இறங்கி, தொம்மென்று உட்கார்ந்து, தவளை மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி, மறுபடி உட்கார்ந்து ஓடியது.

"அழகுன்னு சொல்ல முடியாது," என்றார் ஏசுராஜ். "ஆனா எறங்கிடுச்சு."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே படுக்கையறைக்குப் போனார். ரத்னா சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். திரையில் கிண்டிக் காடு அப்படியே இருந்தது. கீபோர்டில் ஒரு விரல் தூசி. கங்காதரன் இரண்டு தட்டினார்.

போன மே மாதத்து இஞ்சின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. காடு நகர்ந்தது, ரேஸ் கோர்ஸ் போனது, தூரத்தில் ரன்வே தெரிந்தது. வேகம் சரி, உயரம் சரி, எல்லாம் சரி. பழக்கம் விடவில்லை, அவர் செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது சும்மா கிடந்தது. ரன்வே பெரிதாகிக்கொண்டே வந்தது.

"டவர் சொல்லலியே ரத்னா," என்றார். "சொல்லாம இறங்காதேன்னான்."

அவர் கை ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது. இன்னொரு வட்டம், அப்புறம் இன்னொன்று, திங்கட்கிழமை மெக்கானிக் வந்து பிடுங்கும் வரைக்கும்.

ரத்னா செல்போனை எடுத்து வாய்க்கு அருகே வைத்துக்கொண்டாள். கெமிஸ்ட்ரி டீச்சர் தொண்டையைக் கனைத்தாள்.

"எறங்கு மாமே," என்றாள். "ரன்வே காலியாத்தான் கீது. உன் மாமியாரா வந்து குறுக்க நிக்கப்போறாங்க?"

கங்காதரன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் ரன்வே தெரியாது, ஏற்கெனவே சரியாகத் தெரியவில்லை. மூக்கைத் தாழ்த்தி, கண்ணைத் துடைக்காமலே இறங்கினார்.