பாய்சி மாமாவுக்கு ஒரு மான்

பாய்சி மாமா நவம்பர் கடைசியில் இறந்துபோனார். மான் வேட்டைக்காரர் ஒருவர் சாவதற்கு அதைவிடத் தோதில்லாத காலம் கிடையாது.

முப்பது வருஷமாக அந்தக் கடற்கரையில் யார் செத்தாலும் அடக்க விருந்துக்கு மான் கொண்டுவந்து போட்டவர் அவர்தான். அவருடைய சாவிலேயே மான்கறி இல்லையென்றால் வந்தவர்கள் அங்கே ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். அதனால் குலத்தாரின் கூடமான மராயேயில் சமையற்கட்டை ஆண்டுகொண்டிருந்த ஹினெவாய் அத்தை, செத்தவரின் தங்கை மகன் ராவிரியைக் கூப்பிட்டாள். அடக்கம் நாளை மறுநாள் என்றும், நாளை மதியத்துக்குள் மான் வந்தாக வேண்டும் என்றும் சொன்னாள்.

ராவிரி யோசித்தான். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை கலைமான்கள் தொண்டை கிழியக் கத்தும். ஊர் ஆண்களும் அந்த நாட்களில் மலையில்தான் கிடந்து, அது முடிந்துதான் வீட்டுக்கு இறங்குவார்கள். அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் பிறந்தநாள் வருவதற்கு வேறு காரணம் இல்லை. அப்போது சினைப்படுகிற பிணைமான்கள் ஏழரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலே சுமந்து, நவம்பர் முடிவில் குட்டி போட ஆரம்பிக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் ராவிரி பிணையைச் சுடமாட்டான். அதை இரக்கம் என்று அவன் சொன்னதில்லை. ஒரு தோட்டாவில் இரண்டு மான் போனால் அடுத்த வருஷம் எதைச் சுடுவது என்பான். கலைகளோ இந்த மாதத்தில் குருத்துக் கொம்போடு உச்சிப் புல்வெளிக்கு ஏறியிருக்கும். போய்த் திரும்ப இரண்டு நாளாகும்.

இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினான். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"மானுக்குப் பேறுகாலம் பாக்குறது என் வேலை இல்லப்பா. நூத்தம்பது பேருக்குச் சாப்பாடு போடுறது என் வேலை. மதியம் வந்துரு."

விடியுமுன் மனைவியின் அண்ணன் டூகலையும் கூட்டிக்கொண்டு ராவிரி ஆற்றைக் கடந்தான். டூகல் செம்மறிக்கு மயிர் கத்தரிக்கிறவன். ஸ்காட்லாந்துக்காரர்களின் வம்சம். நல்ல முதுகு, பொறுமை கிடையாது. சுமப்பதற்கு அவன்தான் சரி.

ராவிரியின் கணக்கு போன வருஷக் குட்டிகளின் மேல் இருந்தது. பேறு நெருங்கியதும் தாய் அவற்றை விரட்டிவிடும். எங்கே போவதென்று தெரியாமல் அவை சில நாள் திகைத்துப்போய் அலையும். அந்த நாட்களில் அவற்றைச் சுடப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம்.

வடக்குச் சரிவில், பெரணிப் புதருக்குப் பக்கத்தில் ஒரு பிணை படுத்திருந்தது. எழுந்தது, சுற்றிவந்தது, மறுபடி படுத்தது. ராவிரி மண்ணோடு மண்ணாகப் படுத்து, டூகலையும் அமுக்கிப் படுக்கவைத்தான். காற்று அவர்கள் முகத்துக்கு நேரே வந்தது. கொஞ்ச நேரத்தில் பிணையின் பின்னால் ஈரமாக ஏதோ விழுந்தது. அது திரும்பி நக்க ஆரம்பித்தது. இருபத்தைந்து வருஷமாக மான் சுடுகிற ராவிரி, மான் பிறப்பதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சாதாரணமாக நடக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

புதருக்குப் பின்னாலிருந்து போன வருஷக் குட்டி தலையை நீட்டியது. தாய் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. அது நேராகக் கீழே ஓடிவந்து, ராவிரிக்கு எதிரில் நின்று தாயைத் திரும்பிப் பார்த்தது. ராவிரி சுட்டான்.

மான் விழுந்தது. தாய் மேட்டைத் தாண்டி மறைந்தது. பிறந்து காய்ந்துகூட முடியாத குட்டி, புல்லில் தட்டையாக ஒட்டிக்கொண்டது.

இருவரும் மானை ஓடைக்கு இழுத்துப்போய், குடலை எடுத்து, நிழலில் தொங்கவிட்டார்கள். டூகல் தோள்வாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது ராவிரி மேலே ஏறிக்கொண்டிருந்தான். குட்டி இன்னும் பால் குடிக்கவில்லை, தாய் வருகிறதா என்று பார்க்கவேண்டும் என்றான். வராவிட்டால் என்ன செய்யப்போகிறாய் என்று டூகல் கேட்டான். ராவிரி ஏறிக்கொண்டே போனான்.

காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். மணல் ஈக்கள் டூகலின் கழுத்தைத் தின்றன. சூரியன் உச்சிக்கு வந்தது. மேட்டுக்கு அப்பால் பிணை நாய்போல இரண்டு தரம் குரைத்தது, பிறகு அதுவும் இல்லை.

"மச்சான், அத்த கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்கும். மானுக்கு இல்ல, நமக்கு."

"நீ கெளம்பு."

"மான யாரு தூக்குறது?"

"அப்ப இரு."

டூகல் இருந்தான். தன் ரொட்டியைத் தின்றான். பிறகு ராவிரியின் ரொட்டியையும் தின்றான். ராவிரி குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. செத்துவிட்டதோ என்று இரண்டு முறை நினைத்தான். இரண்டு முறையும் எழப்போனான். காலையில் தவறாக எதுவும் செய்ததாக அவனுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்தபிறகு பிணை வந்தது. நேரே வராமல் சுற்றி வளைத்து, நின்று நின்று, மூக்கைத் தூக்கி மோந்து வந்தது. குட்டி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைப் பிடித்தது. அதன் வால் ஆடுவதைப் பார்த்தபிறகுதான் ராவிரி எழுந்தான்.

மராயே போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அதற்குள் ஹினெவாய் அத்தை யாருடைய ஆடுகளிலோ இரண்டை அடிக்கச் சொல்லி, அதுவும் முடிந்திருந்தது. காற்று சரியில்லை என்றான் ராவிரி. டூகல் சமையற்கட்டில் இருந்த அத்தனை பேரிடமும் நடந்ததைச் சொன்னான். அத்தை ராவிரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இனிமே ஊருல யாருக்காச்சும் வலி எடுத்தா உனக்குச் சொல்லியனுப்பறோம்," என்றாள். அந்த ராத்திரியிலிருந்து அவனுக்கு மருத்துவச்சி என்று பெயர்.

மறுநாள் காலை, பெட்டியை மூடுமுன் பேசவேண்டியவர்கள் பேசினார்கள். செத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவது. பெரியவர்கள் முன்னோரைக் கூப்பிட்டார்கள். ஒருவர், மாமா திருப்பித் தராத படகைப் பற்றி அவரையே திட்டினார். எந்தச் சாவிலும் வாய் திறக்காத ராவிரி கடைசியில் எழுந்தான்.

"மாமா, வடக்குச் சரிவுல பிணை நேத்துதான் குட்டி போட்டுச்சு. பின்னாடி எண்ணிப் பாத்தா ஏப்ரல் ஒம்போது பக்கம் வருது. இந்த வருஷம் கலை கத்துறது மார்ச்லயே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு நீங்க மலையெறங்கிப் போயிட்டீங்க. நான் இல்லன்னேன்."

பெட்டிக்கு இன்னும் கிட்டே போனான்.

"பிணைக்கு முதல் தடவ சினை பிடிக்கல, மறு சுத்துல பிடிச்சுருக்கும்னு சொல்வீங்க. இருக்கலாம். அத நான் பாக்கல. குட்டி நல்லாருக்கு. பொட்டக்குட்டி மாதிரி தெரிஞ்சுது."

உட்கார்ந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் இருந்த ரோய்மாட்டா மாமி, புருஷனின் நெற்றியில் கையை வைத்தபடி, "ஒத்துக்கமாட்டாருடா," என்றாள். பேச்சுக்குப் பின் பாட்டு வரவேண்டும் என்பதால் பெண்கள் பாட எழுந்தார்கள். ராவிரியின் பேச்சுக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று கொஞ்ச நேரம் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றைப் பாடினார்கள்.

மண்ணடுப்பைத் திறந்தபோது நூற்றம்பது பேருக்கு அந்த இளமான் ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது. கறி மெத்தென்று இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். ஹினெவாய் அத்தை ராவிரிக்குக் கழுத்துக்கறி வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்ததும், கழுவவேண்டிய அண்டாக்கள் கொல்லையில் இருப்பதாகச் சொன்னாள். அவன் கழுவினான். டூகல் துடைத்தான். பொழுது சாயும்வரை வேலை இருந்தது.