பருப்பு வெந்த ஓடை

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. செந்துறைக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர், எந்தக் கிணற்றை இறைத்தாலும் உப்பு. காலையில் அடுப்பேற்றிய துவரம்பருப்பு உச்சிப் பொழுதிலும் உருண்டுகொண்டு கிடக்கும். அதனால் எந்தப் பக்கம் போனாலும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். பெண் கொடுக்கும்போதுகூட மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று விசாரிப்பார்கள். வெந்தால் நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர் இருந்தால் நல்ல இடம். அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குத் தெரியாது.

என் அண்ணன் சவரிமுத்துவும் இப்படித்தான் பச்சைமலையில் எங்களுக்கு இடம் பார்த்தான்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் கொப்பரை மாதிரி ஒன்றைக் கட்டிக் கரியைப் போட்டு ஓட்டினார்கள். மரக்கரிக்கு ஏகக் கிராக்கி. மலைக்காட்டில் மரம் வெட்டிக் கரி சுட ஒரு காண்டிராக்டர் ஆள் தேடினார். கூலியை அரிசியாகவே தருகிறேன் என்றார். ஊரில் ரேஷன் அரிசிக்கு அடிதடி நடந்துகொண்டிருந்த நேரம். அந்த ஒரு வார்த்தைக்காக ஏழெட்டுக் குடும்பம் மூட்டை கட்டினோம். அண்ணன்தான் மேஸ்திரி.

அண்ணி இன்னாசிமேரி அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இதுவாவது தங்கவேண்டும் என்று அண்ணன் மாதாவிடம் மன்றாடாத நாளில்லை. ஊரில் விட்டுவிட்டுப் போனால் அவளுக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை. நான் சின்ன வயதிலேயே தாலியறுத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்குத் துணையாக நானும் கிளம்பினேன்.

லாடபுரத்தில் வண்டியை விட்டு இறங்கி, மலையேறினோம். குடிசை போட அண்ணன் இடம் பார்த்த அழகைச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட அத்தனை நொட்டை சொல்லமாட்டான். அடிவாரத்தில் ஒரு குட்டை இருந்தது. பச்சைப் பசேலென்று பாசி பிடித்த தண்ணீர். காறித் துப்பிவிட்டு நடந்தான். மலை உச்சியில் நல்ல சமதரை, காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. மலைக்காரர்களின் வீடுகள் நாலைந்து அங்கேதான் இருந்தன. ஆனால் தண்ணீருக்குக் கீழே பள்ளத்தாக்கில் இறங்கி, குடத்தைச் சுமந்துகொண்டு செங்குத்தாக ஏறவேண்டும். அண்ணன் ஒரு தரம் அண்ணியின் வயிற்றைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டான்.

கடைசியாக அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே இறங்கினோம். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் மணல். மணலை ஒட்டி ஓடை. அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அண்ணி மூன்று கல்லைக் கூட்டி, பருப்பைப் போட்டாள். ஒரு சுள்ளிக்கட்டு எரிவதற்குள் பருப்பு மலர்ந்துவிட்டது. கரண்டியால் மசித்துப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"ஏங்க, வெண்ணெயாட்டம் வெந்துடுச்சுங்க!"

"இதான் நம்ம எடம்" என்றான் அண்ணன். தேவசகாயம் அப்போதே மண்வெட்டியை எடுத்துவிட்டான். அவன் எங்கள் பங்காளி வீட்டுப் பையன், கல்யாணமாகிப் பெண்டாட்டியோடு வந்திருந்தான்.

குடிசைக்குக் கால் நடும்போது, மலைக்காரப் பெண் ஒருத்தி தண்ணீர் மொள்ள வந்தாள். பொன்னாயி என்று பேர், அண்ணி வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இங்கியா தங்கப் போறீங்க? பகல்ல வந்து தண்ணி மொண்டுக்கிட்டுப் போயிடணும் அண்ணே. பொழுது எறங்குனா இங்க இருக்கக் கூடாது. முனி இருக்கு. முனி அடிச்சா..."

அண்ணன் அவளை முடிக்க விடவில்லை. "போதும் தாயி. நாங்க வேதக்காரங்க. எங்களை ஒரு முனியும் ஒண்ணும் பண்ணாது" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். பேய்க்கும் முனிக்கும் பயப்படுவது பாவம், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியார் பூசையில் பிரசங்கம் வைத்திருந்தார். அண்ணன் சாமியார் சொல்லைத் தட்டாதவன். இரண்டு குச்சியைச் சேர்த்துக் கட்டி ஒரு சிலுவையும் நட்டான். பொன்னாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. "மேலயே போயிடலாங்க. அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரி தெரியல."

"குடத்தோட அந்த ஏத்தத்துல ஏறுவியா? இந்தப் புள்ளையும் போவணுமா?"

அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். நானும் என்ன சொல்வேன்? தன் பெண்டாட்டி ஒரு குடம் தண்ணீர்கூடச் சுமக்கக் கூடாது என்று நினைக்கிறவனை எந்தத் தங்கை எதிர்த்துப் பேசுவாள்? 

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஆண்கள் மரம் வெட்டி, மண்ணைப் போட்டு மூடி, கரி மூட்டம் போட்டார்கள். நாங்கள் பொங்கினோம். அண்ணிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பொழுது சாய்ந்தால் மெல்லிசாகக் கொசு வரும். ஊர்க் கொசு மாதிரி சத்தம் போடாது. கொசு எந்த ஊரில்தான் இல்லை என்று கையால் தட்டிவிட்டுப் படுத்துவிடுவோம்.

முதலில் தேவசகாயத்துக்குக் குளிர் வந்தது. நல்ல வெயிலில் மூன்று போர்வைக்குள் கிடந்து பல்லைக் கடித்தான். மறுநாள் எழுந்து வேலைக்குப் போனான். அதற்கு மறுநாள் திரும்பவும் குளிர். பிறகு வரிசையாக எல்லாரும் படுத்தார்கள். காட்டு வெயில், மூட்டத்துப் புகை, ஒத்துக்கொள்ளாத கிழங்கு என்று அண்ணன் எதை எதையோ குற்றம் சொன்னான். ஓடை மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. "நல்லாத் தண்ணியைக் குடிங்க, சூடு எறங்கும்" என்றான். ரொம்ப நாள் கழித்துப் பெரம்பலூரில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அது மலேரியாக் காய்ச்சலாம், கொசு கடித்துத்தான் வருமாம். அந்த மலைக் கொசு சாக்கடையில் முட்டை இடாதாம். தெளிந்து ஓடுகிற தண்ணீரைத்தான் தேடுமாம். தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை, அதன் ஓரத்தில் படுத்ததுதான் குற்றம் என்றார். கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அண்ணிக்கு வந்தபோது அது அவளை உலுக்கி எடுத்துவிட்டது. அண்ணன் கீழே இறங்கி, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரைக்காகக் கடை கடையாக அலைந்தான். சண்டையில் அதுவும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது. துணியில் சுற்றி நான்தான் மணலில் புதைத்தேன். அண்ணன் அந்த இடத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

அண்ணி அழவில்லை. அழத் தெம்பில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னை மேல கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

"இப்பவே போவலாம் இன்னாசி."

போர்வையில் தூளி கட்டி, கழியின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைத் தேவசகாயமும் தோளில் வைத்தார்கள். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் பின்னால் வந்தோம். ஏற்றத்தில் பாதி தூரம் வரைக்கும் தூளிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தூங்குகிறாள் என்று அண்ணன் சொன்னான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தோளில் சுமக்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது?

உச்சியில் இறக்கி வைத்தபோது பொன்னாயி சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஒருநா விட்டு ஒருநா குளிரு வந்துச்சா?"

"ஆமா" என்றேன் நான்.

"முனி அடிச்சா அப்படித்தான் வரும். பொழுது எறங்கி அங்க இருந்தவங்க எல்லாருக்கும் வந்திருக்கு. எங்க அக்காளும் அதுலதான் போனா. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "காய்ச்சல்னு சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேனே தாயி! எம்பொண்டாட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருப்பேனே!"

பொன்னாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு எங்கள் மேல் கோபமாவது வந்திருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊருக்குக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வழியில்லை. பாதிப் பேர் நிற்கவே முடியாமல் இருந்தார்கள். தேவசகாயம் கடப்பாரையோடு வந்து, வழக்கம்போல அண்ணனிடம் கேட்டான்.

"எந்த எடத்துல வெட்டட்டும் அண்ணே?"

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். மேட்டையும் சரிவையும் மரத்தடியையும் பார்த்தான். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"என்னைக் கேக்காதடா" என்றான். "தாயி, நீயே ஒரு எடம் காட்டு."

பொன்னாயி முன்னால் நடந்தாள். அவள் காட்டிய இடத்தில் அண்ணியை வைத்தோம்.