மிதவைகளுக்குள் மணல்

நண்டுக்காரர் ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பிக் கயிற்றை விட்டார். தூக்கியபோது கடற்புல்லின் துணுக்கு ஒட்டியிருந்தது. புல் இன்னும் இருக்கிறது. மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு வலையை இறக்கினாள். கடலடியைத் தோண்டும் கப்பல் நேற்றைவிடக் கிட்டே வந்து நின்றது.

இந்தப் புல்தான் அவர்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தது. நண்டு ஒளிவதும் கணவாய் முட்டையிடுவதும் இதற்குள்தான். நல்ல இடத்தைக் கடற்காரன் யாருக்கும் காட்டமாட்டான்; சொந்த மச்சான் கேட்டாலும் கையை எதிர்ப்பக்கம் நீட்டுவான். போன வருஷம் ஆய்வுக்காரப் பெண் வந்து, புல் இருக்கும் இடத்தைச் சொன்னால் வரைபடத்தில் ஏற்றிக் காப்பாற்றலாம் என்றாள். நண்டுக்காரரின் கை, பழக்கதோஷம், தூரத்து மணல்திட்டைக் காட்டிவிட்டது. அன்றைக்குத் தண்ணீர் ஒரே கலங்கல். அவளும் அவர் வாயை நம்பிக் குறித்துக்கொண்டாள்.

"படிச்ச பிள்ளைக்கே காது குத்திட்டு வந்திருக்கீங்க" என்று மனைவி அன்று சிரித்தாள்.

பிறகு புல்லைக் காக்கவென்று மணல்திட்டைச் சுற்றிச் சிவப்பு மிதவைகள் வந்தன. வரைபடத்தில் புல் இல்லாத பக்கமாகப் பார்த்துத் துறைமுகக் கால்வாய்க்குக் கோடு போட்டார்கள். கோடு இந்தப் புல்லின் நடுவே போனது.

நேற்றுதான் விஷயம் தெரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஆய்வு அலுவலகத்துக்கு ஓடினார். உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண் மேலதிகாரியிடம் போய் வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பினாள். கப்பலுக்கு வாடகை ஏறுகிறதாம், மறுபடி அளக்க முடியாதாம்.

"வந்து பாக்கச் சொல்லும்மா. குண்டு இறக்கியே காட்டுறேன்."

"கெஞ்சிப் பாத்துட்டேன் அண்ணே. அன்னைக்குச் சொன்னதுதான் நிஜமாம். கால்வாய் வரக் கூடாதுன்னு இப்பதான் பொய் சொல்றீங்களாம்."

வலையை இழுக்கும்போது கப்பல் உறுமத் தொடங்கியது. படகுப் பலகை அதிர்ந்தது. கறுப்புச் சேறு தண்ணீரில் பரவி வந்தது. வேரோடு பிய்ந்த புல் கொத்துக்கொத்தாக மிதந்தது. ஒரு கொத்தில் கணவாய் முட்டைகள் இருந்தன. மனைவி அதை வாளித் தண்ணீரில் போட்டாள்.

"திட்டுப் பக்கம் தண்ணி தெளிவா இருக்கு. அங்கயாவது விட்டுட்டு வருவோங்க."

மிதவைகளை நெருங்கும்போதே காவல் படகு விசில் ஊதிக்கொண்டு குறுக்கே வந்தது.

"திரும்புங்க, திரும்புங்க. உள்ள வரக் கூடாது. புல்லு இருக்கு."

காவல் படகுக்கு அடியில், தெளிந்த தண்ணீரில், மணல் வெள்ளையாகத் தெரிந்தது.