ஞாயிற்றுக்கிழமைப் பால்

உலகம்மாளுக்குத் தன் ஓர்ப்படியாள் ராஜியின் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. மார்பில் புற்றுநோய் வந்து, ஒரு பக்கத்தை எடுத்து, முடி கொட்டி முளைத்து, செத்துப் பிழைத்தவள் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். உலகம்மாளும் தன்னைத்தானே அப்படிக் கேட்டுப் பார்த்தவள்தான். கேட்ட பிறகும் வயிறு எரிந்தது.

சுசீந்திரத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூத்தவர் தெய்வநாயகம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், உலகம்மாளின் கணவர். இளையவர் ஆனந்தகிருஷ்ணன், ராஜியின் கணவர், வயலைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும். அடுப்பு மட்டும் முப்பது வருடமாக உலகம்மாளின் கையை விட்டுப் போகவில்லை. அதை யாரும் பிடுங்கவும் இல்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பெரிய சிகிச்சையெல்லாம் முடிந்து, இனி ஐந்து வருடம் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்று ராஜிக்கு ஆகியிருந்தது. நோய் திரும்பாமல் காக்கும், ஆனால் எலும்பை மெலிய வைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். ஸ்கேன் எடுத்ததில் இடுப்பெலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. சாப்பிட்டதும் கால்சியம் மாத்திரை, காலையில் நடை, வாரம் ஒருநாள் பாலில் வைட்டமின் டி பொடி. மூன்று மாதத்தில் ரத்தத்தில் அந்த வைட்டமின் ஏறினால் எலும்பைக் காக்க ஒரு மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். ஏறாவிட்டால் அது தள்ளிப்போகும், அதுவரை எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் ராஜியின் எலும்பைத் தவிர வேறு பேச்சில்லை. பொண்டாட்டிக்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்கித் தந்தறியாத தெய்வநாயகம், பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்ப் பொடியும் மாத்திரையும் வாங்கிவந்தார். போனில் மணியடிக்க வைத்து, "ராஜி, கால்சியம் போட்டியா?" என்று கேட்டார். கல்யாண வீட்டுக்குக்கூடப் பத்தடி முன்னால் நடந்து போகும் ஆனந்தகிருஷ்ணன், விடிந்ததும் மனைவியின் பக்கத்திலேயே தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தார். குளியலறையில் வழுக்காத விரிப்பு வந்தது, சுவரில் ஸ்டீல் கைப்பிடி வந்தது.

அதே குளியலறையில் போன வருடம் உலகம்மாள் வழுக்கி விழுந்திருக்கிறாள். "பாத்து நடக்கப்படாதா?" என்றார் தெய்வநாயகம். அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

கைப்பிடியை மாட்டிய அன்று உலகம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கால்முட்டு இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. ஒரு கைப்பிடிக்கு நான் என்ன நோய் வாங்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொடி கலக்கும் வேலை அடுப்படிக்காரி என்பதால் அவளுக்கே வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை கலக்கிக் கொண்டுபோனபோது ராஜிக்குக் குமட்டல். "இப்பம் வேண்டாம்க்கா, பொறவு குடிக்கேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் ஆறி ஆடை பிடித்தது. பாலைக் கீழே கொட்டுவது அந்த வீட்டில் நடக்காத காரியம். பசுவின் சாபம் என்பார்கள். உலகம்மாள் தானே குடித்துவிட்டு, ராஜி எழுந்ததும் வெறும் பாலைச் சூடாக்கிக் கொடுத்தாள். இன்னொரு பொடியைப் பிரித்தால் பாக்கெட் ஒன்று குறையுமே என்ற சின்னப் பயம்தான்.

அன்று மாலை மச்சுப்படி ஏறும்போது முட்டு வலிக்கவில்லை. ஒரே ஒரு தம்ளரில் எந்த மருந்தும் அப்படி வேலை செய்யாது. ஆனால் ஏங்கிக் கிடந்தவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு ராஜிக்குக் குமட்டல் இல்லை. இருந்தும் உலகம்மாள் இரண்டு தம்ளர் எடுத்தாள். ஒன்றில் சீனி போட்ட பால், அது ராஜிக்கு. ஒன்றில் பொடி போட்ட பால், அது அடுப்படியிலேயே அவளுக்கு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்ற கணக்கு இல்லை இது. எனக்கென்று இந்த வீட்டில் ஒரு தம்ளராவது இருக்கட்டும் என்ற வீம்பு. வீம்பு பன்னிரண்டாம் வாரம் வரை நடந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா ராஜியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "வைட்டமின் டி பதினொண்ணு இருந்துது, இப்ப பன்னெண்டு. முப்பதாவது வேணும். பொடிய ஒழுங்கா குடிச்சீங்களா?"

"ஒரு வாரம் தப்பல்ல டாக்டர். அக்காதான் கையால கலக்கித் தருவா" என்றாள் ராஜி. அக்கா பக்கத்து நாற்காலியில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இந்த நெலமைல டிரிப் போட முடியாது. போட்டா ரத்தத்துல கால்சியம் சட்டுனு எறங்கிரும். ஏன் ஏறலைன்னு குடலைப் பாக்கணும். இன்னும் சில டெஸ்ட் இருக்கு."

ராஜியின் முகம் வெளுத்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று உலகம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் ராஜி முந்திக்கொண்டாள்.

"டாக்டர், அக்காளுக்கும் முட்டு வலி உண்டு. யார்ட்டயும் சொல்ல மாட்டா. படியேறும்போ நான் பாத்திருக்கேன். அவளுக்கும் ரத்தம் பாக்கணும்."

ஒரு வருடமாக உலகம்மாள் காத்துக்கிடந்த சொல் அது. வர வேண்டிய வாயிலிருந்தா வந்தது? வேண்டாம் வேண்டாமென்று மறுத்தவளை ராஜிதான் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தாள். ஊசி நரம்பில் ஏறியபோதுதான் உலகம்மாளுக்கு உறைத்தது. குடித்ததெல்லாம் அந்த ரத்தத்தில் அல்லவா இருக்கிறது!

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராஜியின் போனுக்கு உலகம்மாளின் ரத்த அறிக்கை வந்தது. ஆண்கள் இருவரும் இலைக்கு முன்னால். உலகம்மாள் புளிக்கறி விளம்பிக்கொண்டிருந்தாள். ராஜி போனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உலகம்மாளைப் பார்த்தாள்.

"என்னம்மா, மைனிக்கு எப்படி இருக்கு?" என்றார் ஆனந்தகிருஷ்ணன்.

"வைட்டமின் அம்பத்தெட்டு. நல்லா இருக்கு" என்றாள் ராஜி. "வயல் வெயில்ல நின்ன ஒடம்புல்லா. எனக்குத்தான் மருந்து பிடிக்கல்ல போல. இனி பொடிய நானே கலக்கிக்கிடுகேன். அக்காளுக்கு எதுக்கு செரமம்?"

"அதுவும் செரிதான். வெயில்ல நின்னவளுக்க ஒடம்பு" என்று தலையாட்டிவிட்டுத் தெய்வநாயகம் அவியலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

எந்த வயல்? எந்த வெயில்? முப்பது வருடமாக அடுப்படியை விட்டு இறங்காதவள் அவள். அது அவளைக் கட்டியவருக்கே தெரியவில்லை. நோயும் ராஜிக்கு, கவனிப்பும் ராஜிக்கு, இப்போது பெருந்தன்மையும் ராஜிக்கு. தன் குற்றத்தைக்கூட அவள் எடுத்து மூடி வைத்துப் பெரிய மனுஷியாகி நிற்கிறாள். அதை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க உலகம்மாளால் முடியவில்லை.

"நாந்தான் குடிச்சேன்" என்றாள். "பன்னெண்டு வாரமும். அவளுக்கு வெறும் பாலுதான் குடுத்தேன்."

தெய்வநாயகம் கையில் எடுத்த உருண்டையோடு அப்படியே இருந்தார். "பிராந்தாட்டி ஒனக்கு, புத்தி கெட்டுப்போச்சா? அவ எலும்பு ஒடிஞ்சா யாரு பதில் சொல்லது? ஒனக்கு என்னத்துக்கு அந்தப் பொடி?"

"எனக்கும் வலிச்சு. நீங்க கேக்கல்ல."

ஆனந்தகிருஷ்ணன் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார். அதுவரை அடக்கி வைத்திருந்த ராஜி இப்போது உலகம்மாளின் பக்கம் திரும்பினாள். பெருந்தன்மை உதிர்ந்துபோய்ச் சாவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பொம்பிளை அங்கே நின்றாள்.

"நான் பொழைக்கணும்னு நீங்க ஒருநாளாவது நெனச்சியளாக்கா?"

உலகம்மாள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். பொய் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

"நெனச்சேன் மக்கா. நீ ஆஸ்பத்திரில கெடந்த ஆறு மாசமும் நெனச்சேன். ஒனக்காக அனுமாருக்கு வடமால நேந்தேன், நடந்து போயி சாத்துனேன். நீ சாகக் கெடந்தவரைக்கும் எனக்கு ஒம்மேல ஒரு பொறாமையும் இல்ல. பொழச்சு வந்த பொறவுதான் என்னால தாங்க முடியல்ல."