பனிச் சந்திரனுக்கொரு சத்தியக்கடதாசி

பனிச் சந்திரனில் உயிர் தேடும் விஞ்ஞானிகளிடம் முதன்முதலில் அகப்பட்ட உயிர் தான்தான் என்று இணுவில் ஆழ்வாப்பிள்ளை அறிவித்தபோது, கிளரன்ஸ் மாஸ்ரர் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தார். இளைப்பாறிய இரசாயனவியல் ஆசிரியர், சத்தியக்கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான். பொய்க்கு முத்திரை குத்தாதவர்.

"போன கிழமை உம்மடை வாழைக்குலை ஆளுயரம் எண்டீர். இந்தக் கிழமை சந்திரனோ?"

"பகிடி இல்லைக் காணும். சத்தியக்கடதாசி வேணும். நாலு மணிக்குள்ளை."

ஆழ்வாப்பிள்ளையின் மகள் தயாளினி வெளிநாட்டில் சாப்பாட்டுப் பெட்டியளவில் ஒரு கருவி செய்கிறாள். வியாழனின் சந்திரனில் பனியை உருக்கி உயிரின் தடயம் தேடுவது அதன் வேலை. நேற்றைய சோதனையில் கிருமியே இல்லாத பனிக்கட்டியை வைத்தார்கள். கருவி, உயிர் இருக்கிறது என்று சாதித்தது. இன்றைக்குள் காரணம் சொல்லாவிட்டால் அலுமாரி பருமனான இன்னொரு கருவி போகும். ஆறு வருட உழைப்பு. பிள்ளை தொலைபேசியில் அழுதாள்.

காரணம் ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு வந்தவள் பனியுருக்கும் கிண்ணத்தை உறைக்குள் வைத்துக் காட்டி, "அப்பா, தொடாதேங்கோ" என்றிருந்தாள். புது உழவு இயந்திரத்துக்கே பொட்டு வைக்கிற ஊர். வியாழனுக்குப் போகிற சாமானை மூளியாக விடலாமா? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, உறையைத் திறந்து, கிண்ணத்தின் ஆணிக்கு அடியில் கடுகளவு சந்தனம் வைத்தார். காயட்டும் என்று ஊதியும் விட்டார். வாய் நிறைய வெற்றிலை பாக்கு.

விடியவே பிள்ளையிடம் ஒத்துக்கொண்டாயிற்று. பத்து நிமிடம் வாங்கிக் கட்டியுமாயிற்று. எந்தக் கருவி போவது என்று முடிவெடுக்கும் தெரிவுக் குழுதான் தகப்பன் சொல் செல்லாது, இரசாயனம் தெரிந்த மூன்றாம் ஆள் உறுதிப்படுத்த வேண்டும் என்றது.

"ஏழு தரம் கழுவியிருப்பினம். உம்மடை எச்சில் மிஞ்சுமே? விசர்க்கதை."

ஆழ்வாப்பிள்ளை கைத்தொலைபேசியை நீட்டினார். கருவி கண்ட பொருளின் படம்: ஓர் அறுகோணம், மூலையில் நைதரசன். மாஸ்ரர் கண்ணாடியைத் துடைத்தார். ஒட்சிசனை எண்ணினார். காபனை இரண்டு தரம் எண்ணினார்.

"உது பாக்கிலை இருக்கிற சாமானெல்லே…"

"பாத்தீரே. கழுவித் துடைச்சும் ஆள் நிண்டு பிடிச்சிருக்கிறன்."

அந்நேரம் தயாளினி அழைத்தாள். "சேர், குழு கேட்டுக்கொண்டிருக்கு. அப்பா ஊதினது மெய்யெண்டால், ஏழு தரம் கழுவியும் பிடிச்ச கருவி எண்டு என்ரை பெட்டியைத்தான் அனுப்புவினம். இல்லையெண்டால் அலுமாரி. ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

மாஸ்ரர் நண்பரைப் பார்த்தார். சிவந்த உதடு, பாக்கு அரைபடும் தாடை, ஒரு முழச் சிரிப்பு. முப்பது வருடமாக அந்த வாயிலிருந்து வந்த ஒன்றையும் அவர் நம்பியதில்லை. முத்திரையை மையில் அழுத்தி, நண்பர் எழுதி வந்திருந்த சத்தியக்கடதாசியில் குத்தினார்.

"நடந்தது, பிள்ளை," என்றார். "கொப்பர் ஊதினவர்தான்."