நோன்பு நேரத்து மாத்திரை

தார்மின் அண்ணன் தானும் ரமலான் நோன்பு பிடிப்பதாகச் சொன்ன அன்று அம்மா அழுதேவிட்டாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து எங்களோடு உட்கார்ந்து, சோறும் சோயா தெம்பே வறுவலும் சாப்பிட்டான்.

"புத்தி பேதலிச்சவனுக்கு நோன்பு கடமையில்ல. இவன் தானாப் பிடிக்கிறான்னா என்ன அர்த்தம்? குணமாயிட்டான்னுதானே?" என்றார் அப்பா.

கடல் தாண்டிக் காலிமந்தானுக்குத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பியது முதல் அண்ணனுக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. ஒருமுறை அப்பாமேல் அரிவாளை ஓங்கினான். அதற்குப் பிறகு ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அவனைக் காலில் சங்கிலி போட்டு வைத்திருந்தோம். சந்தையில் காய் விற்கும் ரும்யாத்தி அக்காதான் சுகாதார நிலையத்துக்காக வீடு வீடாக வருபவள். நர்ஸை அழைத்து வந்து, மாத்திரை கொடுக்க வைத்து, இந்த வருஷம் சங்கிலியைக் கழற்ற வைத்ததும் அவள்தான்.

காலையும் மதியமும் மாத்திரை கொடுப்பது என் வேலை. நோன்பு தொடங்கியதும் அண்ணன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அப்பாவும், "நோன்பாளிக்கு எதுக்கு மாத்திரை? வச்சிடு" என்றார். ரும்யாத்தி அக்கா வந்து கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, "ஒழுங்காப் போகுது, போகுது" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நோன்பு மாதம் பாதி ஆவதற்குள் அண்ணன் மாறிவிட்டான். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது தேநீரை முகர்ந்து பார்த்து, "நீ முதல்ல குடி" என்று என்னிடம் நீட்டினான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்றான். அப்பா அரிவாளை எடுத்து ஒளித்து வைத்தார். மறுநாள் சாயங்காலம் சங்கிலியை எடுத்து மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ரும்யாத்தி அக்கா உள்ளே வந்தாள்.

"இது எதுக்கு மாமா வெளிய வந்துச்சு?"

"ஆடு கட்ட."

"ஆடு அவ்வளவு தடியாவா வளந்துருச்சு?"

"உனக்கென்ன! இத்தனை பைத்தியத்த அவுத்துவிட்டேன்னு சொன்னா நிலையத்துல கைதட்டுவாங்க. வெட்டு வாங்கப்போறது நாங்க."

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பினாள். "தார்மின், மாத்திரைய ஏன் விட்டே?"

"பக்கத்து வீட்டுக்காரன் வேலி இடுக்குல பாத்துக்கிட்டே இருக்கான். மத்தியானம் நான் வாய அசைச்சா, நோன்பில்ல, பழையபடி பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நானும் நோன்பு பிடிக்கிறவதானே! எனக்கு இது உறைக்கலியே." உடனே நர்ஸுக்கு போன் போட்டாள். சஹரில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"போன்ல யாராச்சும் குரல மாத்திக்கூடப் பேசலாம்" என்றான் அண்ணன்.

"இன்னைக்கு முழுங்கலேன்னா கட்டத்தான் போறேன்" என்றார் அப்பா.

பாயில் பேரீச்சம்பழம், வாழைக்காய் பஜ்ஜி, தேநீர் எல்லாம் வைத்தோம். அண்ணன் முன்னால் மாத்திரையை வைத்தேன். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. யாரும் கையை நீட்டவில்லை. எல்லோரும் அண்ணன் வாயையே பார்த்தோம். அவன் அப்பாவின் மடியில் கிடந்த சங்கிலியைப் பார்த்தான்.

"என் டம்ளர நீங்க எடுத்துக்குங்க. உங்களுத எனக்குக் குடுங்க."

"உன்னுதுல என்ன இருக்கு?" அப்பாவின் குரல் சட்டென்று மாறியது.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

"நான்தான் ஊத்தினேன், ரெண்டும் ஒரே தேத்தண்ணிதான்" என்று அம்மா சொன்னாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

அப்பா அண்ணனின் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மாத்திரையை வாயில் போட்டு, அப்பாவின் டம்ளரிலிருந்து குடித்து விழுங்கினான்.

"சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி அப்பா சங்கிலியை மடியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அண்ணன் பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். அப்பா தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் கை படாத ஓரமாகப் பார்த்து ஒன்றை எடுத்தார்.