உடைக்கச் சொன்ன தலை

தந்தியைப் படித்து முடித்த மேஸ்திரி ஹோபார்ட், சுத்தியலை என் காலடியில் போட்டார்.

"உடைச்சிடு, எஸ்ரா."

பதினோரு வாரம். வயோமிங் வெயிலில், பாறைக்கு வலிக்குமோ என்பதுபோல் கொத்திக் கொத்தி எடுத்த, கல்லாய்ப் போன ஆதிகால மிருகத்தின் தலை. கழுத்தெலும்புகள் ஒன்று விடாமல் அதனோடு சேர்ந்தே கிடந்தன. அதை வரைந்து, எங்களுக்குச் சம்பளம் தரும் புரொபசர் வெண்டமுக்கு அனுப்பிய படத்துக்கு வந்த பதில்தான் இது.

"ஏன் மேஸ்திரி?"

"போன வருஷம் தலையில்லாத உடம்பு ஒண்ணு அனுப்பினோமே. மனுஷன் நாலு மைல் தள்ளிக் கிடைச்ச எதோ ஒரு தலையை அதுமேல வச்சு, பேரும் வச்சு, அச்சடிச்சும் விட்டுட்டார். இது அதே ஜாதி மிருகம். நிஜத் தலை வேற மாதிரி இருக்கு."

"தப்பு பண்ணது அவரு. அடி வாங்கறது இதுவா?"

"எதிராளி கையில கிடைச்சா அவரு மானம் பேப்பர்ல சந்தி சிரிக்கும்யா."

மேட்டுக்கு அந்தப் பக்கம், போட்டி புரொபசருக்காக எலும்பு தோண்டும் எதிர் முகாமின் புகை. குழியை விட்டுக் கிளம்பும்போது, அடுத்தவன் புது மிருகமென்று பெயர் வைத்துவிடக் கூடாதென்று மிச்ச எலும்பை நொறுக்கிவிட்டுப் போவது இரு தரப்புக்கும் வழக்கம். நானே எத்தனையோ தொடை எலும்புகளைப் பொடியாக்கியிருக்கிறேன்.

சுத்தியலை ஓங்கினேன். பென்சில் போன்ற பற்கள், வரிசை கலையாமல். பக்கத்து மண்ணில் இறக்கினேன்.

"முடியல."

"வேலை போயிடும். எனக்கும்தான்."

அவர் அதட்டவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. பக்கத்தில் உட்கார்ந்து புகையிலையை வாயில் போட்டார். பிறகு கேட்டார்:

"கால்விரல் எலும்புப் பெட்டியை அவரு என்னிக்காவது பிரிச்சிருக்காரா?"

இல்லை. புதுப்பெயர் தராத எலும்பு அவருக்கு எலும்பே இல்லை. அந்தப் பெட்டிகள் அவர் மியூசிய நிலவறையில் ஆணிகூடப் பிடுங்கப்படாமல் அடுக்கிக் கிடந்தன.

"இவ்ளோ பெரிய விரலா மேஸ்திரி?"

"வீங்கின விரல்னு நெனச்சுக்கோ. பேசாம எழுது."

அரிசிக் கஞ்சியில் தோய்த்த சாக்கைத் தலைக்குச் சுற்றி, இரண்டு நாள் காயவைத்துப் பெட்டியில் இறக்கினோம். 'உடைத்தாயிற்று' என்று ஹோபார்ட் தந்தி கொடுத்தார். 'கால்விரல் எலும்புகள், சாதாரணம்' என்று நான் பெட்டிப் பலகையில் எழுதினேன்.

மூன்று மணி சரக்கு ரயில் அதைக் கிழக்கே கொண்டுபோயிற்று. புரொபசர் காலத்தில் அதை யாரும் திறக்கப்போவதில்லை. என் காலத்திலும்தான். கண்டெடுத்தவன் என்று என் பெயரை நான் எழுதவில்லை; எழுதினால், சாதாரண விரலெலும்புக்குப் பெயர் எதற்கென்று யாருக்காவது பிரித்துப் பார்க்கத் தோன்றும்.